வாய் திறப்பதற்குள் பேச்சு நகர்ந்துவிடுகிறது

வாசகர் கேள்வி: எனக்கு வயது 31. ஆறு பேர் கொண்ட ஒரு டீமில் வேலை செய்கிறேன். ஒருவரோடு தனியாக உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு நன்றாக வரும். நான்கைந்து பேர் கூடிவிட்டால் வாய் அடைத்துவிடுகிறது. சொல்ல வேண்டியதை மனதில் கோத்து முடிப்பதற்குள் பேச்சு வேறு விஷயத்துக்குப் போய்விடும். போன மாதம் நான் தயங்கித் தயங்கிச் சொன்ன ஒரு யோசனையை, பத்து நிமிடம் கழித்து இன்னொருவர் உரக்கச் சொன்னார். எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். வேறொருவர், நான் பேச ஆரம்பித்தாலே குறுக்கே புகுந்துவிடுகிறார். ‘குழுவில் உங்கள் பங்கு போதவில்லை’ என்று மேனேஜர் ஆண்டு மதிப்பீட்டில் எழுதிவிட்டார். ஆன்லைனில் பேச்சுத்திறன் வகுப்பு ஒன்றை முழுதாகப் பார்த்தேன், பெரிய பயன் இல்லை. இது பிறவியிலேயே வர வேண்டியதா, கற்றுக்கொள்ள முடியுமா? இதோடு சம்பந்தமில்லாத இன்னொரு விஷயம். ‘உன்னிடம் எதையும் சொல்ல முடியவில்லை, நீ காது கொடுத்துக் கேட்பதே இல்லை’ என்று என் அக்கா அடிக்கடி வருத்தப்படுகிறாள். பேசாதவள் நான். என்னைப் போய்க் கேட்கத் தெரியாதவள் என்கிறாளே என்று மனம் நோகிறது. (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

அன்புள்ள வாசகிக்கு,

கற்றுக்கொள்ள முடியும். இருபது வருடத்துக்கும் மேலாகச் சிறு குழுக்களில் பேசவும் கேட்கவும் பயிற்சி கொடுத்து வருகிறேன். உங்களைப் போன்றவர்கள் மாறுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் தடவை மீட்டிங் பற்றிய பகுதிதான் கண்ணில் பட்டது. இரண்டாவது தடவை படித்தபோது, ‘சம்பந்தமில்லாத விஷயம்’ என்று நீங்கள் ஒதுக்கி வைத்த அந்தக் கடைசிப் பகுதியில் வந்து நின்றுவிட்டேன். என் பார்வையில் அதற்குத்தான் அதிகச் சம்பந்தம் இருக்கிறது. ஆபீசில் பேச முடியாமல் போவதும், அக்கா பேசுவது காதில் விழாமல் போவதும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. ‘சொல்ல வேண்டியதை மனதில் கோத்து முடிப்பதற்குள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடம்தான். மற்றவர் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் உள்ளே வாக்கியம் தயாரித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் காது மூடிக்கொள்கிறது. வாக்கியம் தயாராகும்போது அதைச் சொல்ல வேண்டிய இடம் போய்விட்டிருக்கிறது.

இதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதிலை முன்கூட்டியே தயார் செய்வது எல்லோரும் செய்வதுதான். 2009-இல் டான்யா ஸ்டிவர்ஸ் என்ற மொழியியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் உலகின் பல மூலைகளைச் சேர்ந்த 10 மொழிகளில் மக்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்வதைப் பதிவு செய்து அளந்தார்கள். ஒருவர் கேள்வி கேட்டு முடித்ததற்கும் அடுத்தவர் பதில் தொடங்குவதற்கும் நடுவில் இருந்த இடைவெளி, சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. மொழிக்கு மொழி கொஞ்சம் வித்தியாசம் உண்டு, ஆனால் எந்த மொழியிலும் அது பெரிதாக இல்லை. ஒரு படத்தைக் காட்டி ‘இது என்ன’ என்று கேட்டால், அந்த ஒரே ஒரு சொல்லை எடுத்துச் சொல்லவே நமக்கு அரை நொடிக்கு மேல் ஆகிறது. அப்படியென்றால் எதிரில் இருப்பவர் முடிக்கும் முன்பே நாம் எல்லோரும் பதிலைத் தொடங்கிவிடுகிறோம் என்றுதானே அர்த்தம்?

மற்றவர்கள், பேசிக்கொண்டிருப்பவரின் வாக்கியத்தில் கடைசித் துண்டு வரும்போது தயாராகிறார்கள். நீங்கள் முதல் சொல்லிலேயே தயாராக ஆரம்பித்து, மீட்டிங் முழுக்கத் தயாராகிக்கொண்டே இருக்கிறீர்கள். அதுவும் ஒரு முழுப் பத்தியை, அச்சுக்குக் கொடுப்பதுபோலத் திருத்தித் திருத்தி. அவ்வளவு நேரம் எந்தக் கூட்டமும் யாருக்கும் காத்திருக்காது.

இருவர் பேசும்போது இது ஏன் பிரச்சினையாவதில்லை என்று பாருங்கள். அவர் நிறுத்தினால் அடுத்து நீங்கள்தான். வேறு ஆள் இல்லை. நீங்கள் இரண்டு நொடி தாமதித்தாலும் உங்கள் முறை உங்களுக்காகவே காத்திருக்கும். ஆறு பேர் இருக்கும்போது விதி மாறிவிடுகிறது. ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன் மூவரும் 1974-இல் எழுதிய கட்டுரை ஒன்று அந்த விதியைத் தெளிவாக எடுத்து வைத்தது. பேசிக்கொண்டிருப்பவர் அடுத்தவரைக் குறிப்பிட்டுக் கேட்டால், முறை அவருக்கு. அப்படி யாரையும் குறிப்பிடாவிட்டால், யார் முதலில் தொடங்குகிறாரோ அவருக்கு. யாருமே தொடங்காவிட்டால் பேசிக்கொண்டிருந்தவரே தொடரலாம். இவ்வளவுதான். யாரும் உட்கார்ந்து தீர்மானம் போட்டு வைத்த விதி இல்லை, ஆனாலும் எல்லோரும் இதன்படிதான் நடக்கிறோம்.

இதில் ‘அமைதி வரட்டும், அப்புறம் பேசலாம்’ என்று காத்திருப்பவருக்கு இடமே கிடையாது. நீங்கள் மரியாதையாகக் காத்திருக்கும் அந்த அமைதி வரவே வராது. வந்தாலும் கண் சிமிட்டும் நேரத்தில் யாராவது அதை எடுத்துக்கொள்வார்கள். எதிரில் ஒருவர் இருக்கும் ஆட்டத்தின் பழக்கத்தை ஆறு பேர் ஆட்டத்துக்குள் கொண்டு வந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். கூச்ச சுபாவம், தாழ்வு மனப்பான்மை என்று உங்களுக்கு நீங்களே பெயர் சூட்டிக்கொள்ள இதில் ஒன்றுமில்லை.

சரி, உள்ளே நுழைவது எப்படி?

முழு வாக்கியத்தோடு நுழையாதீர்கள். பாதியோடு நுழையுங்கள். முதலில் முறையைப் பிடித்துக்கொண்டு, பிறகு மீதியை யோசிக்கலாம். இதற்கு எளிய வழி, கடைசியாகப் பேசியவரின் சொல் ஒன்றைப் பற்றிக்கொள்வது. ‘தேதியைத் தள்ளலாம் என்றீர்களே, அதில் ஒன்று இருக்கிறது...’ இந்த ஐந்தாறு சொற்களைச் சொல்லும் நேரத்தில் முறை உங்களுடையதாகிவிடும், மனதுக்கும் அடுத்ததைத் தேட ஒரு மூச்சு கிடைக்கும். மீதியைத் தட்டுத் தடுமாறிச் சொன்னாலும் பரவாயில்லை. எல்லோருமே அப்படித்தான் பேசுகிறார்கள். உங்கள் டீமில் மிகச் சரளமாகப் பேசுகிறவரின் பேச்சை ஒருநாள் பதிவு செய்து, அப்படியே எழுதிப் பாருங்கள். பாதியில் நின்ற வாக்கியங்கள் எத்தனை இருக்கின்றன என்று தெரியும். நீங்கள் உங்கள் உள் வரைவை அவருடைய பேச்சோடு ஒப்பிடவில்லை. அவர் பேச்சு உங்கள் நினைவில் திருத்தமாகப் பதிந்த வடிவத்தோடு ஒப்பிடுகிறீர்கள்.

இந்த முறையில் இன்னொரு லாபமும் இருக்கிறது. கடைசிச் சொல்லைப் பற்றிக்கொள்ள வேண்டுமென்றால் அதைக் கேட்டிருக்க வேண்டும். நுழைவதற்கான பயிற்சியே கேட்பதற்கான பயிற்சியாகிவிடுகிறது. அக்கா விஷயத்தில் இது உதவும், அதைப் பிறகு சொல்கிறேன்.

நேரத்தையும் பாருங்கள். கூட்டத்தில் ஒருவர் எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறாரோ, அவ்வளவுக்கு அவர் முதல் சொல் அவருக்கே கனக்கிறது. நாற்பது நிமிடம் மௌனமாக இருந்துவிட்டு வாயைத் திறந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ‘இவ்வளவு நேரம் கழித்துச் சொல்வது முக்கியமானதாக இருக்க வேண்டுமே’ என்று உங்களுக்கும் தோன்றும். அதனால் முதல் ஐந்து நிமிடத்துக்குள் எதையாவது சொல்லிவிடுங்கள். ஒரு சந்தேகம் கேட்டால்கூடப் போதும். ‘இந்தக் கணக்கில் போன மாதத்தையும் சேர்த்திருக்கிறோமா?’ இது பெரிய கருத்து இல்லை. ஆனால் உங்கள் குரல் அறைக்குள் வந்துவிட்டது, இரண்டாவது தடவை அவ்வளவு கனக்காது.

உடம்பாலும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கும். பேசப்போகிறவர் மூச்சை இழுப்பார், முன்னால் சாய்வார், கையை லேசாக மேசைமேல் எடுப்பார். மற்றவர்கள் இதை அறியாமலே கவனிக்கிறார்கள். நாற்காலியில் பின்னால் சாய்ந்து குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் நீங்கள் பேசப்போகிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது. வீடியோ மூலம் நடக்கும் கூட்டங்களில் இந்த அடையாளங்களில் பாதி காணாமல் போகும். அங்கே கை உயர்த்தும் பொத்தானைத் தயங்காமல் பயன்படுத்துங்கள், அல்லது எழுத்தில் ‘எனக்கு ஒன்று சொல்ல வேண்டும்’ என்று போடுங்கள்.

எதைப் பேசுவது என்பது நுழைவதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது. ‘பங்கு போதவில்லை’ என்று எழுதிய உங்கள் மேனேஜர், நீங்கள் நிறையப் பேச வேண்டும் என்று நினைத்திருக்கலாம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். உங்களுக்கு மட்டும் தெரிந்ததைப் பேசுங்கள் என்பேன்.

1985-இல் கெரால்ட் ஸ்டாசர், வில்லியம் டைட்டஸ் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். நான்கு நான்கு பேராகக் குழுக்கள். மாணவர் தலைவர் பதவிக்கு மூன்று பேர் நிற்பதாகவும், அவர்களில் ஒருவரைக் குழு தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் ஏற்பாடு. வேட்பாளர்களைப் பற்றிய தகவல்களில் சில எல்லோரிடமும் இருந்தன, சில ஒருவரிடம் மட்டும் இருந்தன. எல்லாத் துண்டுகளையும் மேசையில் வைத்தால் யார் சிறந்தவர் என்பது தெளிவாகிவிடும். ஆனால் குழுக்கள் அப்படிச் செய்யவில்லை. எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசிவிட்டுப் பெரும்பாலும் தவறான ஆளைத் தேர்ந்தெடுத்தன. ஒருவரிடம் மட்டும் இருந்த தகவல் அவரிடமே தங்கிவிட்டது. பிறகு வந்த ஆய்வுகளும் இதையே மறுபடி மறுபடி கண்டன.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பழைய சம்பவம் நினைவுக்கு வரும். பயிற்சி ஒன்றுக்கு இடம் முடிவு செய்ய ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். பேசப்பட்ட அரங்குக்கு நான் முன்பு ஒருமுறை போயிருந்தேன். அது இரண்டாம் மாடியில் இருந்தது, லிஃப்ட் கிடையாது. இது மற்றவர்களுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். சொல்ல வாயெடுத்தபோது பேச்சு வாடகைக்குப் போய்விட்டது, அப்புறம் சாப்பாட்டுக்கு. ‘முடிந்துபோனதை எதற்குக் கிளறுவது’ என்று இருந்துவிட்டேன். பயிற்சி நாளன்று ஊன்றுகோலோடு வந்த ஒருவர் படிக்கட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். மற்ற நால்வரில் யாருக்கும் அந்த அரங்கு தெரியாது என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது.

அதனால் கூட்டத்துக்குப் போகும் முன் மூன்று நிமிடம் ஒதுக்கி, ‘இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்து மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கக்கூடியது என்ன?’ என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு வரி போதும். வாடிக்கையாளர் உங்களிடம் மட்டும் சொன்ன குறை, நீங்கள் மட்டும் பார்த்த பிழை, எதுவாகவும் இருக்கலாம். அந்த ஒரு வரியைச் சொல்லாமல் கூட்டத்தைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு நகர்ந்துபோயிருந்தால் தயங்காமல் பின்னால் இழுங்கள். ‘பழைய விஷயத்துக்கு ஒரு நிமிடம் திரும்புகிறேன், ஒரு தகவல் விட்டுப்போயிருக்கிறது.’ இப்படிச் சொன்ன யார்மீதும் ஒரு குழு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. நான் அன்று செய்யாதது இதைத்தான்.

எல்லோரும் ஒரு பக்கம் சாயும்போது நீங்கள் மட்டும் வேறு பக்கம் நிற்க வேண்டியிருந்தால்? கஷ்டம்தான், மறுக்கவில்லை. 1950-களில் சாலமன் ஆஷ் நடத்திய சோதனைகள் பிரபலமானவை. கண்ணெதிரே இருக்கும் கோடுகளில் எது எதற்குச் சமம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கூட இருந்த மற்றவர்கள் ஆஷின் ஆட்கள். அவர்கள் எல்லோரும் சேர்ந்து வேண்டுமென்றே தவறான பதிலைச் சொன்னபோது, சோதனைக்கு உட்பட்டவர்களில் நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது அவர்களோடு சேர்ந்து தவறாகச் சொன்னார்கள். கோட்டின் நீளத்துக்கே இந்தக் கதி.

பயிற்சி வகுப்புகளில் எல்லோரும் இந்தப் பகுதியோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதன் அடுத்த பகுதிதான் பிடிக்கும். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொல்லும்படி ஆஷ் மாற்றினார். பெரும்பான்மையின் அழுத்தம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ஒரு துணை, அவ்வளவுதான் தேவைப்பட்டது.

இதை நீங்கள் இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். மாற்றுக் கருத்து இருந்தால், கூட்டத்துக்கு முன்பே ஒருவரிடம் தனியாகப் பேசிவிடுங்கள். தனியாகப் பேசுவதுதான் உங்களுக்கு நன்றாக வருமே. அவருக்கும் அதே எண்ணம் இருந்தால் உள்ளே நீங்கள் இருவர். இன்னொன்று, நீங்களே அந்தத் துணையாக இருங்கள். யாராவது மெதுவாக ஒன்றைச் சொல்லி அது காற்றோடு போகப் பார்த்தால், ‘அவர் சொன்னதைக் கொஞ்சம் கவனிப்போம், அது எனக்குச் சரியாகப் படுகிறது’ என்று சொல்லுங்கள். உங்கள் சொந்தக் கருத்துக்காகக் குரல் எழுப்பக் கூச்சமாக இருக்கிறவர்களுக்கு இது ஆச்சரியமான அளவுக்கு எளிதாக வருகிறது. இன்னொருவருக்காகப் பேசும்போது நாக்கு ஏனோ தளர்ந்துகொடுக்கிறது. அப்படி நீங்கள் தாங்கியவர், நாளைக்கு உங்கள் யோசனையை வேறொருவர் எடுத்துக்கொள்ளும்போது ‘இதை முதலில் சொன்னது இவர்தான்’ என்று சொல்லக்கூடும்.

யோசனை கைமாறிய விஷயத்தில் ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். அவர் திருடியிருப்பார் என்று உடனே முடிவு செய்யாதீர்கள். நீங்கள் தயங்கி மெதுவாகச் சொன்னது அவர் காதில் விழுந்து, எங்கிருந்து வந்தது என்பதே மறந்து, அவருடைய யோசனையாகவே அவருக்குத் தோன்றியிருக்கலாம். மனித நினைவு அப்படித்தான். ஆனால் உங்கள் பெயரை விட்டுக்கொடுக்கவும் தேவையில்லை. அங்கேயே, சாதாரணக் குரலில், ‘நான் முன்னால் சொன்னதை இவர் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டார். அதில் அடுத்த படி என்னவென்றால்...’ என்று தொடருங்கள். குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் பெயரும் பதிவாகிவிடும், பேச்சும் உங்கள் கைக்கு வந்துவிடும்.

குறுக்கே பேசுகிறவரை இரண்டு கட்டமாகக் கையாளுங்கள். அந்த நேரத்தில், குரலை உயர்த்தாமல், நிறுத்தாமல், அவர் முகத்தைப் பார்த்து, ‘ஒரு வாக்கியம், முடித்துவிடுகிறேன்’ என்று சொல்லி முடியுங்கள். சிரித்து மழுப்ப வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். இரண்டு மூன்று முறைக்கு மேல் நடந்தால் தனியாகப் பேசுங்கள். ‘நீங்கள் எப்போதுமே என்னைப் பேசவிடமாட்டேன் என்கிறீர்கள்’ என்று தொடங்கினால் அவர் ‘எப்போதுமே’ என்ற சொல்லோடு சண்டைக்கு வருவார், உங்கள் விஷயம் அடிபட்டுப் போகும். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ‘செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் நான் செலவுக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தபோது இரண்டு முறை நடுவில் பேசினீர்கள். கணக்கை முடிக்க முடியாமல் போனது, அப்புறம் மெயிலில் அனுப்ப வேண்டியதாயிற்று. அடுத்த முறை நான் முடிக்கும்வரை பொறுத்துக்கொள்ள முடியுமா?’ என்ன நடந்தது, அதனால் என்ன ஆனது, என்ன வேண்டும். சிலருக்குத் தாங்கள் குறுக்கிடுவதே தெரியாது. உற்சாகத்தில் சேர்ந்து பேசுவதுதான் ஈடுபாடு என்று நினைத்து வளர்ந்திருப்பார்கள். சொன்னதும் வெட்கப்பட்டுத் திருத்திக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சொல்லியும் திருந்தாதவர் என்றால் அதற்கு மேல் அது மேனேஜர் பார்க்க வேண்டிய வேலை.

மேனேஜர் என்றதும் ஞாபகம் வருகிறது. அவர் உங்கள்மீது எழுதிய குறையில் அவருக்கும் பங்கு இருக்கிறது. ஆறு பேர் அறையில் ஒருவர் பேசும்போது ஐந்து பேர் காத்திருக்கத்தான் வேண்டும், காத்திருக்கும்போது யோசனைகள் மறந்துபோகின்றன. 1987-இல் மைக்கேல் டீல், வொல்ஃப்காங் ஷ்ட்ரோபெ இருவரும் காட்டியது இதுதான். கூடி உட்கார்ந்து யோசனை சொல்லும் குழுவைவிட, அதே எண்ணிக்கையில் தனித்தனியாக எழுதியவர்களின் பட்டியல் நீளமாக இருந்தது. முக்கியக் காரணம், தன் முறைக்காகக் காத்திருப்பது. எனவே அவரிடம் பணிவாக ஒரு யோசனை வைக்கலாம். ‘பேசத் தொடங்கும் முன் எல்லோரும் ஐந்து நிமிடம் எழுதிவிட்டு, வரிசையாக ஒவ்வொருவரும் ஒன்று சொல்லலாமா? எனக்கு அது உதவும்.’ மதிப்பீட்டில் எழுதியதை நீங்கள் அக்கறையோடு எடுத்துக்கொண்டீர்கள் என்பதும் அவருக்குப் புரியும்.

பயத்தைப் பற்றி நீங்கள் நேரடியாக எழுதவில்லை. ஆனாலும் இருக்கும் என்று ஊகிக்கிறேன். குரல் நடுங்குவதும் கை வியர்ப்பதும் எல்லோருக்கும் தெரிகிறது என்று நமக்குத் தோன்றும். அந்த அளவுக்குத் தெரிவதில்லை. கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், பேசப்போகிறவர்களில் சிலருக்கு இந்த உண்மையை முன்பே எடுத்துச் சொன்னார்கள். சொல்லக் கேட்டவர்கள், கேட்காதவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். பார்த்தவர்களும் அப்படித்தான் மதிப்பிட்டார்கள். அதனால் உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன்.

இப்போது வகுப்பு. நீங்கள் பார்த்து முடித்த வகுப்பு மோசமானது என்று சொல்லமாட்டேன். ஆனால் பார்த்து முடிக்கும் விஷயம் இல்லை இது. நீச்சலைப் போல, ஆட்களுக்கு நடுவே இறங்கினால்தான் வரும். அடுத்த வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்றே கேள்விகள் கேளுங்கள். ஒரு குழுவில் எத்தனை பேர்? ஒரு மணி நேரத்தில் நான் எத்தனை நிமிடம் பேசுவேன்? நான் பேசியதைப் பற்றி யார், எப்படித் திருப்பிச் சொல்வார்கள்? எட்டுப் பேருக்கு மேல் இருந்தாலோ, ஒருவரே மேடையில் நின்று பேசிக்கொண்டிருந்தாலோ உங்களுக்குப் பயன்படாது. ‘பேச்சில் சொற்களுக்கு வெறும் 7 சதவீதம்தான் மதிப்பு, மீதி எல்லாம் குரலும் உடல்மொழியும்’ என்று யாராவது தொடங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் செய்த சோதனைகளிலிருந்து கிளம்பிய கணக்கு அது. ஒருவரின் சொல்லும் குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது, அவருக்கு நம்மைப் பிடிக்கிறதா இல்லையா என்று எதை வைத்து முடிவு செய்கிறோம் என்பதைப் பற்றியது. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். லிஃப்ட் இல்லை என்ற தகவலை எந்த உடல்மொழியாலும் சொல்ல முடியாது.

வகுப்பு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, டீமில் நீங்கள் நம்பும் ஒருவர் போதும். ‘நான் எப்படிப் பேசினேன்?’ என்று அவரிடம் கேட்காதீர்கள், ‘நல்லாத்தான் இருந்தது’ என்ற பதில்தான் வரும். கூட்டத்துக்கு முன்பே ஒரே ஒரு வேலை கொடுங்கள். ‘இன்றைக்கு நான் வாக்கியத்தை முடிக்காமல் எத்தனை முறை விழுங்குகிறேன் என்று மட்டும் பாருங்கள்.’ ஒரு வாரத்துக்கு ஒரு பழக்கம் போதும். முதல் வாரம், ஐந்து நிமிடத்துக்குள் ஒரு கேள்வி. அது கைவந்த பிறகு, கடைசிச் சொல்லைப் பற்றிக்கொண்டு நுழைவது. எல்லாவற்றையும் ஒன்றாகத் தூக்கப் பார்த்தால் பழையபடி மனதுக்குள் வாக்கியம் கோக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

அக்காவுக்கு வருகிறேன்.

கார்ல் ராஜர்ஸ், ரிச்சர்ட் ஃபார்சன் இருவரும் 1957-இல் ஒரு சிறிய கையேட்டில், கேட்பதும் ஒரு செயல், சும்மா வாய்மூடி இருப்பது கேட்பதாகாது என்று எழுதினார்கள். இதை இப்போது எல்லா வகுப்பிலும் சொல்லித் தருகிறார்கள், பெரும்பாலும் தவறாக. தலையாட்டு, கண்ணைப் பார், அவர் சொன்னதையே திருப்பிச் சொல் என்று. சொன்னதைச் சொல்லும் கிளி மாதிரி திருப்பிச் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு எரிச்சல்தான் வரும். ‘எனக்கு இப்படிப் புரிந்திருக்கிறது, சரியா?’ என்று உண்மையிலேயே சரிபார்ப்பதுதான் அதன் உயிர். அவர் ‘இல்லை, அப்படி இல்லை’ என்று திருத்தினால் அந்தத் திருத்தத்தில்தான் விஷயம் இருக்கும்.

சரிபார்ப்பது ஏன் அவ்வளவு அவசியம்? 1990-இல் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி, எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றின் தாளத்தை மட்டும் மேசையில் தட்டச் சொல்லி, கேட்பவரை அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்கச் சொன்னார். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டில் கண்டுபிடிக்கப்பட்டது 3. தட்டுகிறவர் மனதில் முழுப் பாட்டும் ஓடுகிறது. கேட்பவருக்குக் கேட்பது வெறும் ‘டொக் டொக்’. உங்கள் அக்கா எதையோ சொல்லும்போது அவர் மனதில் ஒரு முழுப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கலாம். உங்கள் காதில் விழுவது அதன் தாளம் மட்டும். நீங்களோ அதற்குள் பதில் தயாரிக்க உள்ளே போய்விடுகிறீர்கள்.

பேசாமல் இருந்ததால் நாம் கேட்டோம் என்று ஆகிவிடாது. உங்கள் மனம் நோகிறது என்று எழுதியிருந்தீர்கள். அக்கா சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன், ஆனால் அது உங்கள் பாசத்தைப் பற்றிய தீர்ப்பு இல்லை. யாரிடம் சொல்ல ஆசைப்படுகிறோமோ அவரிடம்தான் ‘நீ கேட்பதில்லை’ என்று வருத்தப்படுவோம்.

ஆகவே ஆபீசுக்கு முன்னால் இதை வீட்டில் தொடங்குங்கள். மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்து ஒன்று கண்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை 3 நொடியாக நீட்டியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன, பேசாதவர்கள் பேசினார்கள். மாணவர் பேசி முடித்த பிறகும் 3 நொடி பொறுத்தபோது அவர்கள் இன்னும் சொன்னார்கள். அக்கா அடுத்த முறை ஏதாவது சொல்லும்போது பதிலைத் தயார் செய்யாதீர்கள். பதில் சொல்லவே போவதில்லை என்று முடிவு செய்துகொண்டு உட்காருங்கள். அவர் நிறுத்தியதும் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். பெரும்பாலும் அந்த இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் அவரே தொடர்வார். தொடராவிட்டால், அவர் சொன்னதிலிருந்தே ஒரு சொல்லை எடுத்து ஒரு கேள்வி கேளுங்கள். ‘பயமாக இருந்தது என்றாயே, எதை நினைத்து?’

ஒரு மாதம் கழித்து எழுதுங்கள். மீட்டிங்கில் என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள், ஆனால் அக்கா என்ன சொன்னார் என்பதை முதலில் எழுதுங்கள்.